என்விஆர் போர்ட்டில் 15 சதவீதம்தான் லோடு, ஆனாலும் அவுட்புட் ட்ராப். ஃப்ளோ கன்ட்ரோல் போட்டால் ஃபோன் திக்குகிறது

கிடங்கு_நெட்

வணக்கம். ஒரு கிடங்கின் நெட்வொர்க்கில் உள்ள சிக்கல். முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் 24 போர்ட் கிகாபிட் மேனேஜ்டு ஸ்விட்ச். இதைக் கோர் என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து மூன்று பிஓஇ ஸ்விட்ச்சுக்கு (நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரமும் தருவது) தலா ஒரு 1ஜி அப்லிங்க் (ஸ்விட்ச்சுகளை இணைக்கும் கம்பி). ஒவ்வொரு பிஓஇ ஸ்விட்ச்சிலும் 12 கேமரா, நான்கைந்து ஐபி ஃபோன். ஆக 36 கேமரா. ஒன்றைத் தவிர எல்லாம் 1080பி, விநாடிக்கு 25 ஃப்ரேம், ஹெச்.264, 4 மெகாபிட், ஐ-ஃப்ரேம் (முழுப் படத்தையும் சுமக்கும் ஃப்ரேம்; மற்றவை மாற்றத்தை மட்டும் சுமக்கும்) இடைவெளி 50. ஸ்ட்ரீம் யுடிபியில் (தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பாத முறை) போகிறது. கேமரா போர்ட் எல்லாம் 100 மெகாபிட். என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் கருவி) கோரில் ஒரு 1ஜி போர்ட்டில் இருக்கிறது. அது டவர் சர்வர், பிசிஐஇ ஸ்லாட் ஒன்று காலி. கோரில் இரண்டு எஸ்எஃப்பி ப்ளஸ் (10ஜி) போர்ட் சும்மா கிடக்கிறது. டேட்டாஷீட்படி கோரின் பாக்கெட் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) 2 மெகாபைட், பிஓஇ ஸ்விட்ச்சில் 512 கிலோபைட்.

சிக்கல்: பதிவில் அவ்வப்போது படம் சாம்பல் பூசியது போல் இழுபடுகிறது, ஒன்றிரண்டு விநாடியில் தானே தெளிகிறது. கரண்ட் போய் வந்த பிறகு அதிகம். கோரில் என்விஆர் போர்ட்டின் அவுட்புட் ட்ராப் (வெளியே அனுப்ப முடியாமல் கைவிட்ட பாக்கெட்) ஒரு நாளைக்குச் சுமார் 45,000 ஏறுகிறது. ஆனால் கிராஃபில் அந்தப் போர்ட் 144 மெகாபிட்டைத் தாண்டியதே இல்லை. சிஆர்சி எரர் (கம்பியில் சிதைந்த பாக்கெட்) பூஜ்யம், கேபிள் மாற்றியாயிற்று.

ஃப்ளோ கன்ட்ரோலை (நெரிசல் வந்தால் எதிர்முனையைச் சற்று நிறுத்தச் சொல்லும் வசதி) எல்லா ஸ்விட்ச்சிலும் ஆன் செய்தேன். என்விஆர் போர்ட்டில் ட்ராப் நின்றது. உடனே ஃபோனில் குரல் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. கேமரா விலான் (ஒரே ஸ்விட்ச்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வேறு, ஃபோன் விலான் வேறு. எப்படி இது அதைப் பாதிக்கும்? 15 சதவீத லோடில் ஏன் ட்ராப்? ஸ்விட்ச்சே பழுதா?

---

தாமிரக்கம்பி

ஸ்விட்ச் பழுதில்லை. உங்கள் கிராஃப் ஐந்து நிமிடச் சராசரி காட்டுகிறது. ட்ராப் நடப்பது பத்து மில்லிசெகண்டுக்குள். ஐந்து நிமிடத்தில் பத்து மில்லிசெகண்ட் என்பது 30,000 பங்கில் ஒன்று. அதில் போர்ட் நிரம்பி வழிந்தாலும் சராசரிக் கோடு அசையாது. இதற்கு மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடலாம். 25 ஃப்ரேம், இடைவெளி 50 என்றால் ஒவ்வொரு கேமராவும் 2 விநாடிக்கு ஒரு ஐ-ஃப்ரேம் அனுப்பும். 4 மெகாபிட் 1080பி கேமராவில் ஒரு ஐ-ஃப்ரேம் 120 கிலோபைட் என்று வைப்போம். காட்சியைப் பொறுத்து கூடும், குறையும். கேமரா அதைப் பதமாகப் பிரித்து அனுப்பாது. 100 மெகாபிட் கம்பியில் முழு வேகத்தில் கொட்டிவிடும்: 9.6 மில்லிசெகண்ட். அந்த 9.6 மில்லிசெகண்டுக்கு அது 4 மெகாபிட் கேமரா இல்லை, 100 மெகாபிட் கேமரா.

36-ம் ஒரே நேரத்தில் கொட்டினால் 4.32 மெகாபைட். ஒவ்வொரு பிஓஇ ஸ்விட்ச்சிலும் 12 × 100 = 1.2 கிகாபிட் உள்ளே வருகிறது, 1 கிகாபிட் வெளியே போகிறது. அங்கே சேரும் மிச்சம் 240 கிலோபைட். 512 கிலோபைட் பஃபர் தாங்கிவிடும். அதனால்தான் அப்லிங்க்கில் ட்ராப் தெரியவில்லை. கோரில் கதை வேறு. மூன்று அப்லிங்க்கிலிருந்து 3 கிகாபிட், 11.5 மில்லிசெகண்டுக்கு. வெளியே போவது 1 கிகாபிட். 4.32-இல் 1.44 மெகாபைட் வெளியேறும், 2.88 மெகாபைட் பஃபரில் நிற்க வேண்டும். உங்கள் பஃபரோ மொத்தமே 2 மெகாபைட்.

அந்த 2 மெகாபைட்டும் ஒரு போர்ட்டுக்குக் கிடைக்காது. பெரும்பாலான ஸ்விட்ச் சிப்புகளில் பஃபர் பொதுச்சொத்து. ஒரு வரிசை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அது அந்த நொடியில் காலியாக உள்ள இடத்தின் ஆல்ஃபா மடங்கு. ஆல்ஃபா 1 என்றால், நெரிசல் ஒரே வரிசையில் இருக்கும்போது அந்த வரிசைக்குப் பாதி கிடைக்கும், அதாவது 1 மெகாபைட். இரண்டு வரிசை சேர்ந்து முட்டினால் தலா மூன்றில் ஒரு பங்கு. ஆல்ஃபா 8 என்றால் ஒரே வரிசை 89 சதவீதம் வரை எடுக்கும். மிச்சத்தை விட்டுவைப்பது அடுத்து நெரிசல் வரும் போர்ட்டுக்காக. ஒருவனே பந்தியை முடித்துவிடக் கூடாது என்கிற ஏற்பாடு.

36-ம் துல்லியமாக ஒன்று சேர வேண்டியதில்லை. ஸ்விட்ச்சுக்கு ஆறு வீதம் 18 கேமரா சேர்ந்தாலே 9.6 மில்லிசெகண்டில் 2.16 மெகாபைட் வரும், 1.2 போகும், 0.96 நிற்கும். அதாவது வரம்பின் விளிம்பு. கேமராக்களின் கடிகாரம் ஒன்றுக்கொன்று மெல்ல நழுவும், அதனால் இந்தச் சேர்க்கை வரும், போகும். கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக பூட் ஆகி, என்விஆரும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைக்கிறது. ஸ்ட்ரீம் தொடக்கமே ஐ-ஃப்ரேம்தான் என்பதால் அப்போது அணிவகுப்பு நேராகிவிடுகிறது.

45,000 ட்ராப் என்பதைச் சதவீதமாகப் பார்த்து ஏமாறாதீர்கள். 144 மெகாபிட்டை 1400 பைட் பாக்கெட்டாகப் பிரித்தால் நாளைக்கு 110 கோடி பாக்கெட். ட்ராப் 0.004 சதவீதம்தான். ஆனால் ஒரு ஐ-ஃப்ரேம் 85-க்கும் மேற்பட்ட பாக்கெட். அதில் ஒன்று போனாலும் அடுத்த ஐ-ஃப்ரேம் வரும்வரை படம் கெட்டிருக்கும். நீங்கள் சொல்லும் ஒன்றிரண்டு விநாடி அதுதான். ட்ராப் விழுவதும் ஐ-ஃப்ரேம் நேரத்தில்தான், பார்த்துப் பார்த்து அதையே அடிக்கிறது.

உறுதிசெய்ய இரண்டு வழி. கவுண்டரை கிளியர் செய்து விநாடிக்கு ஒருமுறை எடுங்கள். ட்ராப் சொட்டுச் சொட்டாக ஏறாமல், 2 விநாடி இடைவெளியில் கொத்துக் கொத்தாக ஏறும். அடுத்து என்விஆரிலேயே வயர்ஷார்க்கில் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) பிடித்து, ஐஓ கிராஃபை 1 மில்லிசெகண்ட் இடைவெளிக்கு மாற்றுங்கள். சாதாரண நேரத்தில் தரையோடு கிடக்கும் கோடு, பர்ஸ்ட்டில் மில்லிசெகண்டுக்கு 120 கிலோபைட் அருகே ஏறி, 15, 20 மில்லிசெகண்டுக்கு மேசை போலத் தட்டையாக நிற்கும். அந்தத் தட்டைதான் கம்பியின் முழு வேகம். மிரர் போர்ட்டில் (மற்ற போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்துத் தருவது) பிடிக்காதீர்கள். மூன்று அப்லிங்க்கையும் ஒரு 1ஜி மிரர் போர்ட்டுக்கு அனுப்பினால் அங்கேயும் இதே ட்ராப்தான் விழும்.

---

வரிசைக்காரன்

கணக்கு கச்சிதம். நான் ஃப்ளோ கன்ட்ரோல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கறேன்.

ஃப்ளோ கன்ட்ரோல் அனுப்புற 802.3எக்ஸ் பாஸ் ஃப்ரேம் விலானைப் பார்க்காது, வரிசையைப் பார்க்காது. கம்பியைத்தான் பார்க்கும். 01-80-சி2-00-00-01 என்கிற முகவரிக்குப் போற சின்ன ஃப்ரேம் அது, அடுத்த முனையைத் தாண்டாது. உள்ளே இருக்கிற செய்தி ஒண்ணுதான்: "இத்தனை குவாண்டா நேரம் எதையும் அனுப்பாதே." ஒரு குவாண்டா 512 பிட் நேரம். அதிகபட்சம் 65,535, 1 கிகாபிட்ல அது 33.5 மில்லிசெகண்ட். பஃபர் வடிஞ்சதும் பூஜ்யம்னு இன்னொரு பாஸ் ஃப்ரேம் அனுப்பி சீக்கிரமே திறந்தும் விடலாம்.

இப்ப உங்க கோர் என்ன பண்ணுது? என்விஆர் போர்ட் வரிசை நிரம்பினதும் மூணு அப்லிங்க்கையும் நிறுத்துது. அந்த அப்லிங்க்ல வர்ற ஃபோன் பாக்கெட்டுக்கு என்விஆரோட சம்பந்தமே இல்ல, அதோட வெளிவாசல் காலியாத்தான் கிடக்கு. ஆனா முன்னாடி நிக்கிற லாரி நகரல, பின்னாடி ஆம்புலன்ஸ். விலான் தனி தனின்னு நாம சொல்லிக்கலாம், கம்பி ஒண்ணுதானே சார்.

இன்னொண்ணு, ட்ராப் நிக்கல. இடம் மாறியிருக்கு. மூணு பிஓஇ ஸ்விட்ச்சோட அப்லிங்க் கவுண்டரைப் பாருங்க. 9.6 மில்லிசெகண்ட்ல 4.32 மெகாபைட் வருது, என்விஆர் 1.2 வாங்கிக்குது, கோர் 1 வச்சுக்குது. பாக்கி 2.12-ஐ மூணு பிஓஇ ஸ்விட்ச்சும் சுமக்கணும், தலைக்கு 0.7 மெகாபைட். அங்க இருக்கிற பஃபர் மொத்தம் அரை மெகாபைட். வழியுது. வழியும்போது அது கேமரா பாக்கெட்டா குரல் பாக்கெட்டான்னு பார்க்காது, வரிசை ஒண்ணுதான், கடைசியா வந்தவன் வெளியே. குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதுல நாலஞ்சு போனா காது கண்டுபிடிச்சுடும்.

அதனால ஃப்ளோ கன்ட்ரோலை எல்லா அப்லிங்க்லயும் அணைச்சுடுங்க. ரெண்டே ரெண்டு முனை மட்டும் உள்ள கம்பியில, அதாவது ஒரு சர்வர், ஒரு ஸ்டோரேஜ், வேற யாரும் இல்லைன்னா அதுக்கு இடம் உண்டு. பலர் கலந்து போற அப்லிங்க்ல வேண்டாம்.

எட்டு வகுப்பாப் பிரிச்சு வகுப்புக்கு வகுப்பு நிறுத்துற 802.1க்யூபிபி இருக்கு. அது டேட்டா சென்டர் ஸ்விட்ச் சமாசாரம், ரெண்டு முனையும் ஒத்துக்கணும். இங்க யோசிக்கவே வேண்டாம். இசிஎன், டபிள்யூரெட் எல்லாமும் அப்படித்தான். பாக்கெட்டைக் குறி வச்சோ, கொஞ்சம் கொட்டியோ அனுப்புறவனுக்கு "மெதுவாப் போ"ன்னு சொல்ற ஏற்பாடு அது. டிசிபி கேட்டுக்கும். யுடிபி கேமராவுக்குக் காது கிடையாது.

---

பச்சைவிளக்கு

இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. பிஓஇ ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேமரா போர்ட்டிலும் இன்கிரஸ் (உள்ளே வரும்) ரேட் லிமிட் 6 மெகாபிட் போடுங்கள். 36 × 6 = 216. 1ஜி-யைத் தொடவே தொடாது. ஐந்து நிமிட வேலை.

---

வரிசைக்காரன்

போடாதீங்க. போட்டா இப்ப எப்பவாவது உடையுற படம் ரெண்டு விநாடிக்கு ஒரு தடவை கண்டிப்பா உடையும்.

இன்கிரஸ் ரேட் லிமிட்னா பெரும்பாலும் போலீசிங். வரிசையில நிறுத்தி வைக்காது, அளவு தாண்டினா அங்கேயே கொட்டிடும். டோக்கன் வாளி, அதாவது ஒரே மூச்சுல உள்ளே விடுற அளவு, 16 கிலோபைட்னு வைங்க. ஐ-ஃப்ரேம் 120 கிலோபைட் 9.6 மில்லிசெகண்ட்ல வருது. அந்த நேரத்துல 6 மெகாபிட் வேகத்துல புதுசா விழற டோக்கன் 7.2 கிலோபைட். வாளியில இருந்ததையும் சேர்த்தா 23 கிலோபைட் உள்ளே போகும். மிச்சம் 97 கிலோபைட் குப்பை. ஒவ்வொரு கேமராவுக்கும், ஒவ்வொரு ஐ-ஃப்ரேமுக்கும். போலீசிங்தான் வேணும்னா வாளி ஒரு முழு ஐ-ஃப்ரேமை விடப் பெருசா, 200 கிலோபைட் மாதிரி இருக்கணும். அப்படி வச்சா 120 கிலோபைட்டும் முழு வேகத்துல கோருக்குப் போயிடும், போட்டதே வீண்.

உங்களுக்கு வேண்டியது ஷேப்பிங். கொட்டாம, நிறுத்தி நிதானமா விடுறது. ஆனா பல ஸ்விட்ச்ல ஷேப்பிங் வெளிவாசல்ல மட்டும்தான் வரும், உள்வாசல்ல இல்ல.

---

நூல்கண்டு

உள்வாசலில் ஷேப்பிங் வேண்டுமா? செலவில்லாமல் ஒன்று இருக்கிறது. கேமரா போர்ட்டை 10 மெகாபிட்டுக்கு இறக்குங்கள்.

கேட்டால் சிரிப்பு வரும், கணக்கைப் பாருங்கள். 120 கிலோபைட் ஐ-ஃப்ரேம் 10 மெகாபிட்டில் 96 மில்லிசெகண்ட் எடுக்கும். எல்லாக் கேமராவும் ஒரே கணத்தில் கத்தினாலும் ஒரு அப்லிங்க்கில் 12 × 10 = 120 மெகாபிட், என்விஆர் போர்ட்டில் 360 மெகாபிட். அதற்கு மேல் போகவே வழியில்லை. எங்கேயும் மெகாபைட் கணக்கில் வரிசை சேராது. நெரிசலை ஸ்விட்ச்சிலிருந்து எடுத்து கேமராவுக்குள் வைத்துவிட்டீர்கள். அங்கே அந்த ஒரு கேமராவின் பாக்கெட் மட்டும்தான் நிற்கும், பக்கத்து ஃபோனை அது தொடாது. பிஓஇ மின்சாரத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை, 10-இல் இருந்தாலும் கேமராவுக்குக் கரண்ட் போகும்.

கவனிக்க வேண்டியவை சில.

வேகத்தை ஃபிக்ஸ் செய்யாதீர்கள். ஸ்விட்ச்சில் ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் பேசி வேகத்தை முடிவுசெய்வது) விட்டுவைத்து, 10 ஃபுல் மட்டும் அறிவிக்கச் சொல்ல வேண்டும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வகையில் ஸ்பீட் ஆட்டோ 10 என்கிற கட்டளை இதற்குத்தான். ஒரு முனை ஃபிக்ஸ், மறுமுனை ஆட்டோ என்று வைத்தால் ஆட்டோ முனை வேகத்தைக் கண்டுபிடிக்கும், டூப்ளெக்ஸை (ஒரே நேரத்தில் இருவழியா, மாறி மாறியா என்பதை) கண்டுபிடிக்காது, ஹாஃபில், அதாவது மாறி மாறியில், உட்கார்ந்துவிடும். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷனும் ஃபுல் பக்கத்தில் எஃப்சிஎஸ் எரரும் ஏறும். பழைய வியாதி, இன்னும் ஒழியவில்லை.

மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் எல்லாம் சேர்த்து ஒரு கேமராவிலிருந்து கிளம்புவது 6 மெகாபிட்டுக்குள் இருந்தால்தான் இது சரி. 4-ம் அரையும் என்றால் தாராளம். பிடிஇஸட் (திருப்பி, ஜூம் செய்யக்கூடிய) கேமராவை ஜாய்ஸ்டிக்கில் கையாளும் ஆளுக்கு 96 மில்லிசெகண்ட் தாமதம் கையில் தெரியும், அதை 100-லேயே விடலாம். மல்டிகிக் போர்ட் சிலவற்றில் 10 மெகாபிட் கிடையவே கிடையாது. ஃபர்ம்வேர் ஏற்றும்போது மெதுவாக இருக்கும், அன்று மட்டும் 100-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கேமராவின் உள் நினைவகம் போதவில்லை என்றால் அது பாக்கெட்டைத் தனக்குள்ளேயே விட்டுவிடும். ஸ்விட்ச்சின் எந்தக் கவுண்டரிலும் அது தெரியாது, படம் மட்டும் உடையும். அதனால் முதலில் இரண்டு கேமராவில் செய்து, என்விஆரில் வயர்ஷார்க்கின் ஆர்டிபி (வீடியோ பாக்கெட்டுக்கு வரிசை எண் போடும் முறை) ஸ்ட்ரீம் பகுப்பாய்வைப் பாருங்கள். வரிசை எண்ணில் ஓட்டை விழுந்தால் லாஸ்ட் என்ற பத்தியில் எண்ணிக் காட்டும். பூஜ்யம் என்றால் மற்றவற்றுக்கும் போடுங்கள்.

கேமராப் பக்கமே செய்யக்கூடியது இன்னும் உண்டு. ஐ-ஃப்ரேம் இடைவெளியை எல்லாவற்றிலும் 50 என்று வைக்காமல் 47, 50, 53 என்று பிஓஇ ஸ்விட்ச்சுக்கு ஒன்றாக மாற்றினால் அணிவகுப்பு நிலைக்காது. சேரும், உடனே கலையும். வேகத்தை விபிஆரிலிருந்து (மாறும் பிட்ரேட்) சிபிஆருக்கு (நிலையான பிட்ரேட்) மாற்றினால் ஐ-ஃப்ரேமின் உச்ச அளவு கொஞ்சம் அடங்கும். ஸ்மார்ட் கோடெக் என்று இருக்கும் வசதி சராசரியைக் குறைக்கும், ஆனால் ஐ-ஃப்ரேம் இடைவெளியை நீட்டிவிடும். ஒன்று போனால் படம் கெட்டிருக்கும் நேரமும் நீளும். ஆர்டிஎஸ்பியை (கேமராவிலிருந்து ஸ்ட்ரீமைக் கேட்டு வாங்கும் முறை) டிசிபிக்கு மாற்றலாம். போன பாக்கெட் திரும்ப வரும், நெரிசல் தெரிந்தால் கேமராவும் வேகத்தைக் குறைக்கும். பர்ஸ்ட்டின் கடைசிப் பாக்கெட் விழுந்தால் மட்டும் டைமர் தீரும்வரை, லினக்ஸில் குறைந்தது 200 மில்லிசெகண்ட், ஒரு நிறுத்தம் வரும். பதிவுக்கு அது பொருட்டே இல்லை.

---

தாமிரக்கம்பி

10 மெகாபிட் யோசனை நன்று. அதோடு அப்லிங்க்கில் க்யூஓஎஸ்-ஐயும் (எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு) ஒழுங்குபடுத்திவிடுங்கள். நாளைக்கு யாராவது அதே பிஓஇ ஸ்விட்ச்சில் ஒரு லேப்டாப்பைச் செருகி பேக்கப் ஓட்டினால் ஃபோன் மறுபடி திக்கும்.

குரலுக்கு டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி) 46, ஸ்ட்ரிக்ட் ப்ரையாரிட்டி (எப்போதும் முதலில் போகும்) வரிசை. கேமராவுக்குத் தனி வரிசை, பஃபரில் பெரும்பங்கு அதற்கு. மற்றதெல்லாம் பொது. ஸ்ட்ரிக்ட் வரிசையில் குரல் தவிர வேறெதையும் விடாதீர்கள். வீடியோவையும் முக்கியம் என்று அதில் ஏற்றினால் குரல் மறுபடி அதன் முதுகில்தான் நிற்கும். ஜி.711 குரல் கோடெக் ஃபோன் ஒன்று ஈதர்நெட்டில் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட். ஐந்து ஃபோன் அரை மெகாபிட் கூட இல்லை. அந்த வரிசை யாரையும் பட்டினி போடாது.

ஒரு எச்சரிக்கை. கேட்டலிஸ்ட் 2960, 3750 போன்ற பழைய வகையில் எம்எல்எஸ் க்யூஓஎஸ் என்ற ஒற்றை வரியைப் போட்டதும் இரண்டு விஷயம் நடக்கும். ட்ரஸ்ட் (வரும் குறியை நம்பு) சொல்லாத போர்ட்டில் வரும் டிஎஸ்சிபி பூஜ்யமாக்கப்படும். போர்ட்டின் பஃபர் நான்கு வரிசைக்கும் 25 சதவீதமாகப் பங்கிடப்படும். எல்லாப் போக்குவரத்தும் ஒரே வரிசையில் போனால் அதற்கு மிஞ்சுவது கால்வாசி. முன்பு இல்லாத ட்ராப் அன்றிலிருந்து வரும். ட்ரஸ்ட், பஃபர் பங்கு, த்ரெஷோல்டு மூன்றையும் ஒரே அமர்வில் எழுதாமல் அந்த வரியைத் தொடக்கூடாது. 3850, 9300 வகையில் க்யூ சாஃப்ட்மேக்ஸ் மல்டிப்ளையர் என்று ஒரு எண் இருக்கிறது, இயல்பில் 100. அதை 1200-க்கு ஏற்றினால் ஒரு வரிசை பொதுப் பஃபரிலிருந்து எடுக்கக்கூடிய வரம்பு உயரும். பர்ஸ்ட் வரும் ஸ்விட்ச்சில் முதலில் திருப்ப வேண்டிய திருகு அது.

பஃபர் பெரிய ஸ்விட்ச்சே வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். 2.88 மெகாபைட் வரிசை 1 கிகாபிட்டில் வடிய 23 மில்லிசெகண்ட் ஆகும். பதிவுக்குப் பரவாயில்லை. குரலும் அதே வரிசையில் இருந்தால் பாக்கெட் தொலையாது, தாமதமாக வரும்; காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

---

கிடங்கு_நெட்

எல்லோருக்கும் நன்றி. செய்தவை: ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்தேன். வரிசைக்காரன் சொன்னபடி அது ஆனில் இருந்த நேரத்தின் கவுண்டரைப் பார்த்தேன். மூன்று அப்லிங்க்கிலும் ட்ராப் இருந்தது, கோரில் பார்த்து ஏமாந்திருக்கிறேன். என்விஆரில் 1 மில்லிசெகண்ட் கிராஃபில் அந்த மேசையும் தெரிந்தது, 17 மில்லிசெகண்ட் நீளம்.

முதல் பிஓஇ ஸ்விட்ச்சின் 12 கேமராவையும் 10-க்கு இறக்கினேன். பத்து கேமராவில் ஆர்டிபி லாஸ்ட் பூஜ்யம். இரண்டு ஒத்துவரவில்லை. ஒன்றில் ஸ்விட்ச் போர்ட் 10 ஹாஃப் என்று காட்டுகிறது, லேட் கொலிஷன் ஏறுகிறது. அந்தக் கேமராவின் வெப் பக்கத்தில் 10 ஃபுல் என்று வைத்திருந்தேன். இன்னொன்று 4 மெகாபிக்சல், 8 மெகாபிட். ஸ்விட்ச்சில் எந்த எரரும் இல்லை, ஆனால் லாஸ்ட் 2 சதவீதம்.

என்விஆர் போர்ட்டில் ட்ராப் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்து எது? என்விஆருக்கு இரண்டு 1ஜி சேர்த்து எல்ஏசிபியா, 10ஜி கார்டா?

---

நூல்கண்டு

முதல் கேமராவுக்கு விடை உங்கள் வரியிலேயே இருக்கிறது. வெப் பக்கத்தில் ஆட்டோவுக்கு மாற்றுங்கள், ஸ்விட்ச் 10 ஃபுல் மட்டும் அறிவிக்கட்டும். இரண்டாவது, 8 மெகாபிட்டை 10-இல் அடைத்ததன் விளைவு. கேமராவே பாக்கெட்டைக் கைவிடுகிறது. அதை 100-க்குத் திருப்புங்கள். ஒன்றிரண்டு கேமரா 100-இல் இருந்தால் ஒன்றும் குடி முழுகாது.

ட்ராப் நிற்காதது எதிர்பார்த்ததே. மற்ற இரண்டு ஸ்விட்ச்சின் 24 கேமரா இன்னும் 2 கிகாபிட்டை 1 கிகாபிட்டுக்குள் தள்ளுகின்றன. அவற்றையும் இறக்குங்கள்.

---

தாமிரக்கம்பி

எல்ஏசிபியா 10ஜியா என்பதற்கு: எஸ்எஃப்பி ப்ளஸ் போர்ட் சும்மா இருக்கும்போது இரண்டாவது யோசனையே வேண்டாம், 10ஜி. கார்டு ஒன்று, டாக் கேபிள் (எஸ்எஃப்பி ப்ளஸ் போர்ட்டில் நேராகச் செருகும் செம்புக் கம்பி) ஒன்று. மூன்று அப்லிங்க் முழு வேகத்தில் வந்தாலும் 3 கிகாபிட். 10-க்குள் நுழைய வரிசையே தேவையில்லை. கேமராவை 10-க்கு இறக்க முடியாத இடத்தில்கூட இது ஒன்றே கோர் ட்ராப்பைத் தீர்க்கும். கணுக்கால் அளவு வாய்க்காலுக்குக் கரை உயர்த்துவதைவிட அகலப்படுத்துவது மேல்.

எல்ஏசிபி பாதிக் கிணறு. 4.32-இல் இரண்டு கம்பி 11.5 மில்லிசெகண்டில் 2.88 எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1.44 மெகாபைட். ஹாஷ் (எந்தப் பாக்கெட் எந்தக் கம்பியில் என்று முடிவுசெய்யும் கணக்கு) சரிபாதியாகப் பிரித்தாலும் வரிசைக்கு 0.72. இரண்டு வரிசை முட்டும்போது ஆல்ஃபா 1-இல் தலா கிடைப்பது 0.67. மயிரிழையில் வழியும். ஹாஷும் சரிபாதியாகப் பிரிக்காது. அது டெஸ்டினேஷன் மேக் (சேரும் கருவியின் வன்பொருள் முகவரி) மட்டும் பார்க்கும்படி இருந்தால் 36 கேமராவும் ஒரே கம்பியில் போகும், மற்றது வெட்டியாக நிற்கும். சோர்ஸ், டெஸ்டினேஷன் ஐபி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும். கேமரா விலானும் என்விஆரும் வேறு சப்நெட் என்றால் சோர்ஸ் மேக் ரவுட்டரின் மேக்காகிவிடும், அதனால் சோர்ஸ் மேக் ஹாஷும் உதவாது.

10ஜி போட்ட பிறகு இன்னொரு இடத்தைப் பாருங்கள். ஸ்விட்ச்சில் நெரிசல் தீர்ந்தால் அது என்விஆருக்குள் போகும். லினக்ஸ் என்றால் நெட்ஸ்டாட் மைனஸ் எஸ்யு கட்டளையில் ரிசீவ் பஃபர் எரர் என்ற வரி ஏறுகிறதா பாருங்கள். சாக்கெட் ஒன்றுக்கு இயல்பான பஃபர் 2,12,992 பைட். கெர்னல் பாக்கெட்டின் அளவை மட்டும் எண்ணாது, அதற்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதையும் எண்ணும். 120 கிலோபைட் ஐ-ஃப்ரேமே அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். ஆர்மெம் மேக்ஸ், ஆர்மெம் டிஃபால்ட் இரண்டையும் 4 மெகாபைட்டுக்கு ஏற்றுங்கள். ஈத்டூலில் கார்டின் ஆர்எக்ஸ் ரிங் (உள்ளே வந்த பாக்கெட் காத்திருக்கும் வரிசை) அளவையும் பாருங்கள். 256, 512 என்று இருந்தால் கார்டு அனுமதிக்கும் உச்சத்துக்கு உயர்த்துங்கள்.

---

வரிசைக்காரன்

ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன். கேமரா ஸ்ட்ரீம் எல்லாத்தையும் பின்னாடி மல்டிகாஸ்ட்டுக்கு (ஒரே ஸ்ட்ரீமைப் பலருக்கு அனுப்புறது) மாத்தினீங்கன்னா, அந்த விலான்ல ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் விடுறது) ஒரு க்வெரியரும் (யாருக்கு வேணும்னு அப்பப்ப விசாரிக்கிற கருவி) இருக்கணும். இல்லைன்னா 36 கேமராவோட 144 மெகாபிட்டும் ஒவ்வொரு கேமரா போர்ட்டுக்கும் போகும். 100 மெகாபிட் போர்ட்டே தாங்காது, 10 மெகாபிட் போர்ட்ல கேமரா லாகின் பக்கம்கூடத் திறக்காது.

அப்புறம், புது 10ஜி கார்டுல ஃப்ளோ கன்ட்ரோல் பல டிரைவர்ல தானா ஆன்ல வரும். வர்ற பாக்கெட்டை எடுக்க என்விஆர் திணறுச்சுன்னா கார்டு கோருக்கு பாஸ் அனுப்பும், பழைய கதை முதல்லேருந்து. கார்டைச் செருகின அன்னைக்கே ஈத்டூல் மைனஸ் ஏ போட்டுப் பார்த்து, ஆர்எக்ஸ், டிஎக்ஸ் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. ரீபூட்டுக்குப் பிறகும் ஆஃப்லயே இருக்கான்னும் பாருங்க.